சலிப்பு நுழையாத வீடு

போன மாதம் ஒரு காலையில் பாறை மீன் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். சிங்கப்பூரில் தேக்கா சந்தைக்குப் பின்னால் இருக்கும் அடுக்குமாடி பிளாக்கில்தான் எங்கள் வீடு. மின்தூக்கியில் இறங்கினால் சந்தை, ஏறினால் வீடு. அதனால் லூர்துவைத் தனியாக விட்டுப் போவதை நான் பெரிய தவறாக நினைத்ததில்லை. லூர்து என் மனைவி. ஐம்பது வருடத்துக்கு மேல் என்னோடு குடும்பம் நடத்துகிறவள். மூன்று வருடமாக அவளுக்கு மறதி நோய். டேப்லட்டை அவள் முன்னால் நிறுத்தி, ஏதாவது ஒரு தொடரை ஓடவிட்டு, கம்பிக் கதவைப் பூட்டிக்கொண்டு போவேன். திரும்பி வரும்போது அதே நாற்காலியில் அதே மாதிரி உட்கார்ந்திருப்பாள். இது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

அன்றைக்குக் கதவைத் திறந்தபோது வீட்டில் சத்தமே இல்லை. சார்ஜரைச் செருகியிருந்தேன், சுவிட்சைப் போடவில்லை. டேப்லட் எப்போதோ அணைந்துவிட்டிருந்தது. அவள் அந்தக் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் கை, லேசாகச் சாய்ந்த தலை, படம் ஓடும்போது எப்படி இருப்பாளோ அப்படியே. கண்ணாடியில் அவள் முகம் மங்கலாகத் தெரிந்தது. எவ்வளவு நேரமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தாளோ, கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை.

"லூர்து," என்றேன். திரும்பவில்லை. மீன் பையிலிருந்து ஐஸ் தண்ணீர் என் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

எது என்னைப் பயமுறுத்தியது என்று அப்போதே புரிந்துவிட்டது. படம் நின்றுபோனதும் அவள் எழுந்திருக்கலாம், என்னைக் கூப்பிட்டிருக்கலாம், எரிச்சலில் டேப்லட்டைத் தள்ளிவிட்டிருக்கலாம். எதுவும் செய்யவில்லை. ஒன்றுமே நடக்காத ஒரு கண்ணாடி அவளுக்குச் சலிக்கவில்லை. அடுப்படியில் நின்றுகொண்டு, இவள் கடைசியாக என்னிடம் பேசிய வாக்கியம் எது என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. நோய் அவளுக்கு, மறந்தது நான். அவளிடமிருந்து இன்னொரு வார்த்தை வருமா என்ற பயம் அன்றைக்குப் பிடித்தது. இன்னும் விடவில்லை.

நீங்கள் முந்தைய லூர்துவைப் பார்த்திருக்க வேண்டும்.

மீனைக் கழுவும்போது கையில் ஏறும் அந்த வாடை என்னை எப்போதும் புக்கிட் மேராவுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். கல்யாணமான புதிதில் அங்கே ஓர் அறை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நீண்ட பொது நடைபாதை, இரண்டு பக்கமும் கதவுகள். எந்த நேரமும் யார் வீட்டிலாவது மீனோ, பெலாச்சான் என்கிற இறால் விழுதோ வறுபடும். நான் அப்போது ஓர் உயர்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து, சோறும் முடிந்துவிட்டால், மாலை வரைக்கும் செய்வதற்கு ஒன்றுமே கிடையாது. இன்றைக்கு இதை ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையிடம் சொன்னால் ஏதோ சிறைச்சாலையைப் பற்றிச் சொல்வதாக நினைக்கும். ஒன்றுமே கிடையாது என்றால் நிஜமாகவே ஒன்றுமே கிடையாது. சுவர், ஜன்னல், விசிறி, நாங்கள் இருவர்.

"என்னங்க, எனக்குப் போரடிக்குது."

"ஏதாவது புஸ்தகம் படியேன்."

"நீங்க படிச்சதே போதும். முகத்தைப் பாருங்க, கோடு கோடா மேப் மாதிரி ஆயிடுச்சு."

இப்படித் தொடங்குவாள். அவளுக்குச் சலிப்பு என்பது காய்ச்சல் மாதிரி. உடம்பு சூடாகும், நிலைகொள்ளாது, கடைசியில் எதையாவது செய்துதான் தணியும். அப்படி ஒரு சலிப்பில்தான் எதிர் பிளாக்கைப் பார்த்து விளையாடும் விளையாட்டைக் கண்டுபிடித்தாள். அங்கே ஒவ்வொரு வீட்டின் அடுப்படி ஜன்னலிலிருந்தும் மூங்கில் கழிகள் நீட்டிக்கொண்டிருக்கும், அவற்றில் துணி காயும். துணியைப் பார்த்து வீட்டைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

"ஏழாவது மாடியில இந்த வாரம் ஆம்பளைச் சட்டையே காணோம். கப்பலுக்குப் போயிட்டான்."

"துவைக்காம போட்டிருப்பாங்க."

"ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அவ கவுனுங்க மாசா மாசம் பெரிசாயிட்டே போகுது. அதையாவது பார்த்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. உலகத்தின் நதிகள் எல்லாம் எனக்கு மனப்பாடம், எதிர் வீட்டுக் கவுனின் அளவு தெரியவில்லை. சில மாதங்களில் அந்த ஏழாவது மாடிக் கழியில் சின்னச் சின்ன வெள்ளைத் துண்டுகள் வரிசையாகத் தொங்கின. லூர்து என்னை ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். "இப்ப சொல்லுங்க லா, சார்," என்று இந்த ஊர் "லா" போட்டுக் கேட்டாள். அந்தப் பெண்ணை நாங்கள் நேரில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆனால் குழந்தை பிறந்த சந்தோஷத்தில் லூர்து அன்றைக்குப் பாயசம் வைத்தாள்.

பக்கத்து வீட்டில் ஒரு சீனப் பெண்மணி இருந்தார். வயதில் மூத்தவர். அவருக்குத் தமிழ் தெரியாது, லூர்துவுக்குச் சீனம் தெரியாது. இரண்டு பேருக்கும் சந்தை மலாய் கொஞ்சம் வரும். அந்தப் பெண்மணி மதியத்தில் நடைபாதையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கூடை நிறைய முளைப்பயறை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வால் கிள்ளுவார். உலகத்தில் அதைவிடச் சலிப்பான வேலை இருக்க முடியாது. முதல் நாள் லூர்து சும்மா நின்று பார்த்தாள். மறுநாள் எதிரே உட்கார்ந்து தானும் கிள்ளினாள். "போசான் லா," என்பார் அந்தப் பெண்மணி. மலாயில் சலிப்பாக இருக்கிறது என்று அர்த்தம். "போசான், போசான்," என்று லூர்துவும் தலையாட்டுவாள். இரண்டு பேரும் சலிப்பைப் பற்றிப் பேசிப் பேசியே நட்பாகிவிட்டார்கள். வருடம் முடிவதற்குள் இவள் அந்தப் பெண்மணியின் ஹொக்கியன் சீனத்தில் பேரம் பேசினாள். எங்கள் மகள் ஐரின் பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவர் அந்தப் பெண்மணிதான்.

என் சலிப்பு அவளுடையதைப் போலப் பலன் தரும் வகை அல்ல. எனக்கு அது தேர்வு மேற்பார்வையில் வரும். இரண்டரை மணி நேரம் பிள்ளைகள் எழுதுவார்கள், ஆசிரியர் வரிசைகளுக்கு நடுவே நடக்க வேண்டும். படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, உட்காரவும் கூடாது. நான் ஒவ்வொரு பையனின் பின்னங்கழுத்தையும் பார்த்துக்கொண்டு போவேன். பாதி நேரத்துக்கு மேல் தாங்க முடியாமல், அன்றைக்கு வீட்டுக்குப் போய் லூர்துவிடம் என்ன சொல்லலாம் என்று யோசிக்க ஆரம்பிப்பேன். எந்தப் பையன் பேனாவைக் கடித்தான், எவன் ஜன்னலில் உட்கார்ந்த மைனாவிடம் பதில் கேட்பதுபோல் பார்த்தான். சாயங்காலம் இதையெல்லாம் நடித்துக் காட்டுவேன். அவள் சிரிப்பாள். என் வாழ்க்கையில் நான் ஓரளவு நன்றாகப் பேசியதெல்லாம் அந்த மேற்பார்வை நாட்களில்தான் என்று இப்போது தோன்றுகிறது.

தொலைக்காட்சி வந்ததும் எல்லாம் கெட்டுவிட்டது என்று சொல்லப்போகிறேன் என்று எதிர்பார்ப்பீர்கள். இல்லை. எங்கள் முதல் பெட்டி கறுப்பு வெள்ளை. அதில் தமிழ் வருவது கொஞ்ச நேரம். மற்றது சீனம், மலாய், ஆங்கிலம். எல்லாம் ஒரு நேரத்தில் முடிந்துவிடும். முடிந்துவிடும் என்பதுதான் முக்கியம். பெட்டியை அணைத்துவிட்டு, "அது பேசினது போதும், இனி நான் பேசறேன்," என்று தொடங்குவாள் லூர்து. கதாநாயகியின் புடவையிலிருந்து மாமியாரின் கண்ணீர் வரை ஒவ்வொன்றையும் பிரித்துப் போடுவாள். ஒரு மணி நேரப் படத்துக்கு மூன்று மணி நேரம் பேச்சு.

பிறகு சிராங்கூன் சாலையில் வீடியோ கேசட் கடைகள் வந்தன. சனிக்கிழமை போனால் கூட்டம் முட்டும். ஒருமுறை ஒரு படத்தின் முதல் கேசட்டோடு வேறு ஏதோ படத்தின் இரண்டாவது கேசட்டைக் கொடுத்துவிட்டான் கடைக்காரன். கதாநாயகியின் அண்ணன் காணாமல் போன இடத்தில் எங்கள் படம் நின்றுவிட்டது. அப்போது நான்காம் வகுப்பில் இருந்த ஐரின் அழுதாள். லூர்து அவளை மடியில் போட்டுக்கொண்டு மீதிக் கதையைத் தானே சொன்னாள். அண்ணன் சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறிவிட்டான், புக்கிட் மேராவில் ரொட்டிக் கடை போட்டான், எங்கள் பிளாக்குக்குத்தான் தினமும் ரொட்டி கொண்டுவருகிறான் என்று போனது அந்தக் கதை. பல வருடம் கழித்து முழுப் படத்தையும் பார்த்தோம்.

"நான் சொன்னதுதான் நல்லாருக்கு," என்றாள்.

நல்லாத்தான் இருந்தது.

ஆக எது எப்போது மாறியது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு நாளில் நடந்ததல்ல. இப்போதெல்லாம் ரயிலில் ஏறினால் எதிர் வரிசையில் ஒரு முகமும் நிமிர்ந்திருப்பதில்லை. இளைஞர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. போன மாதம் வரை நானே மின்தூக்கிக்குக் காத்திருக்கும் நேரத்துக்குள் கைப்பேசியை எடுத்துவிடுவேன். பதினோரு மாடி இறங்குவதற்குள் யாரோ ஒருவன் கத்தரிக்காய் வதக்குவதைப் பார்த்து முடிப்பேன். நான் கத்தரிக்காய் சாப்பிடுவதில்லை. பூசையில் வாசகங்களைப் பார்ப்பதற்கு என்று கைப்பேசியை வெளியில் எடுத்து, பிரசங்கம் நீளும்போது கிரிக்கெட் பார்த்திருக்கிறேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னதில்லை. இங்கே சொல்லிவிட்டேன்.

அடுத்ததையும் சொல்லிவிடுகிறேன்.

நோய் தொடங்கியபோது லூர்து பேச்சை நிறுத்தவில்லை. ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசினாள். "ஐரின் ஸ்கூல்லேருந்து வந்துட்டாளா?" என்று கேட்பாள். ஐரினுக்கு ஐம்பது வயதாகப்போகிறது. தன் குடும்பத்தோடு சுவா சூ காங்கில் இருக்கிறாள், அவள் மகனே தேசிய சேவை என்கிற கட்டாய ராணுவப் பயிற்சியை முடித்துவிட்டான். முதலில் விளக்கிச் சொன்னேன். பிறகு "வந்துடுவா" என்றேன். பிறகு "ம்" என்றேன். அவள் விடமாட்டாள்.

"என்னங்க, நாழியாச்சே. நீங்க போய்ப் பாருங்களேன்."

"வந்துடுவா, லூர்து."

"மழை வர்ற மாதிரி இருக்கு. குடை எடுத்துட்டுப் போனாளா?"

நாள் முழுவதும் இதுதான். ஒரு கோப்பியைச் சூடாகக் குடிக்க முடியாது. ஒரு நாள் பொறுக்க முடியாமல், "வாயை மூடு," என்றேன். ஐம்பது வருடத்தில் அந்த வார்த்தையை அவளிடம் சொன்னதில்லை. அவள் என்னை அதிர்ந்துபோய்ப் பார்த்தாள். அடுத்த நிமிடம் அதையும் மறந்துவிட்டு, "ஐரின் வந்துட்டாளா?" என்றாள்.

அந்த வாரக் கடைசியில் ஐரின் டேப்லட்டோடு வந்தாள். "அப்பா, அம்மாவுக்கு இதுல சீரியல் போட்டுக் குடுங்க. நீங்களும் கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கலாம் லா."

"அவ பார்ப்பாளா?"

"போட்டுத்தான் பாருங்களேன்."

போட்டோம். பார்த்தாள். அன்று மாலை கேள்வி வரவில்லை. கோப்பியைச் சூடாகக் குடித்தேன். அந்தக் கோப்பியின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. ஒரு அத்தியாயம் முடிந்தால் ஒரு சின்ன வட்டம் சுற்றி, யாரும் தொடாமலே அடுத்தது தொடங்கிவிடும். முடிவதே இல்லை. முதலில் மாலையில் மட்டும், பிறகு மதியமும், பிறகு அவள் கண் விழித்ததிலிருந்து படுக்கும் வரை. எதிர் நாற்காலியில் நான் என் கைப்பேசியோடு. வீடு அமைதியாகிவிட்டது. ஐரின் தொலைபேசியில் கேட்டால், "அம்மா நல்லா இருக்கா, தொல்லையே இல்லை," என்பேன். அந்தக் கேள்விகள் எந்த மாதத்தில் நின்றன என்று எனக்குத் தெரியாது. நின்றதை நான் கவனிக்கவில்லை, நிம்மதியை மட்டும் கவனித்தேன்.

இதற்கு மேலும் ஒன்று செய்தேன். அதுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது.

எங்கள் வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்குச் செபமாலை சொல்வது வழக்கம். கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். பத்துப் பத்து மணிகளாக ஐந்து கூறு. ஒவ்வொரு மணிக்கும் ஒரே ஜெபம். அந்த ஜெபத்துக்கு இரண்டு பாதி உண்டு. முதல் பாதியை ஒருவர் சொல்வார், மறுபாதியை மற்றவர்கள் சொல்வார்கள். எங்கள் வீட்டில் முதல் பாதி என்னுடையது, மறுபாதி லூர்துவுடையது. கோயிலில் எப்போதோ புதிய தமிழுக்கு மாறி, "தூய மரியே" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். இவள் மாறவில்லை. "அர்ச்சியசிஷ்ட மரியாயே" என்று அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய சொல்லையேதான் சொல்வாள். "மாதாவுக்கு ரெண்டும் புரியும், நீங்க உங்க பாதியைப் பாருங்க," என்பாள்.

ஒரே வார்த்தைகளை ஐம்பது தடவைக்கு மேல் சொல்வது சலிப்புதான். பக்தர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், எனக்குச் சலிப்புதான். ஆனால் நோய் வந்த பிறகும், மகளின் வயதையே மறந்த பிறகும், மறுபாதியை மட்டும் அவள் ஓர் எழுத்துகூடத் தவறவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் என் பாதியை முடித்தால் போதும், அவளுடையது தானாக வரும். அதில் இருந்த அதிசயம் எனக்கு அப்போது தெரியவில்லை. ஒரு நாள் தொண்டை கட்டியிருந்தது. யூடியூபில் தமிழ்ச் செபமாலை இருந்தது. பின்னணியில் மெல்லிய இசை, திரையில் மெழுகுவர்த்தி. அதைப் போட்டேன். தொண்டை சரியான பிறகும் அதையே போட்டேன்.

அந்தக் காணொளியில் முதல் பாதியையும் அவர்களே சொல்கிறார்கள், மறுபாதியையும் அவர்களே சொல்கிறார்கள். முதல் சில நாள் லூர்து கூடவே முணுமுணுத்தாள். காணொளி புதிய தமிழில் சொன்னது, இவள் பழைய தமிழில் சொன்னாள். இரண்டும் முட்டின. அது இவளுக்காக நிற்கவில்லை. அடுத்த மணிக்குப் போய்விட்டது. கொஞ்ச நாளில் இவள் சொல்வதை விட்டுவிட்டாள். நான் எதிரே உட்கார்ந்து, ஜெபம் நடக்கிறது என்ற திருப்தியில், கைப்பேசியில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒருத்தி இருக்கிறாள். கவிதா என்று பெயர், ஐரினை விட இளையவள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போவோம். முன்பெல்லாம், "ஆன்ட்டி வீட்டுல பேசறாங்களா, அங்கிள்?" என்று கேட்டால், "பேசுவா, என்னைத் திட்டுவா," என்று சிரிப்பேன். என்ன திட்டினாள் என்று கேட்டால் ஏதாவது பழைய திட்டைச் சொல்வேன். வகுப்பில் பொய் சொன்ன பையன்களை எத்தனை பேரை நிற்க வைத்திருக்கிறேன். அவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கவிதாவுக்கும் தெரிந்திருக்கும்.

கறுப்புக் கண்ணாடியைப் பார்த்த வாரமே நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். அன்றைக்கு நடந்ததைச் சொன்னேன்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பார்ப்பாங்க?"

"கொஞ்ச நேரம்," என்றேன். பழக்க தோஷம். பிறகு, "முழு நாளும்," என்றேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நோய் இது, அங்கிள். டேப்லட் இல்லைன்னாலும் குறைஞ்சுட்டேதான் போயிருக்கும். உங்களால வந்ததுன்னு நான் சொல்ல மாட்டேன்."

"என்னால எவ்வளவுன்னு சொல்ல முடியுமா?"

"யாராலும் சொல்ல முடியாது."

"பேச்சு திரும்பி வருமா?"

"பிராமிஸ் பண்ண முடியாது. பேசறதுக்கு ஒரு தேவை வேணும்ல? அதை முதல்ல அணைச்சு வைங்க. அவங்களுக்குப் போரடிக்கட்டும். உங்களுக்கும்தான்."

போரடிக்கட்டும். மருந்துச் சீட்டில் எழுதித் தந்ததுபோல் அதை எடுத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து நாற்காலியில் லூர்து சுவரிலிருந்த திரையில் பல் துலக்கும் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை ஏழு மணிக்கு டேப்லட்டை அணைத்து அலமாரிக்குள் வைத்தேன். அவள் கை மேசைமேல் அதைத் தேடியது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு முதல் பாதியைச் சொன்னேன். நிறுத்தினேன். அவள் கையை உதறினாள். மறுபடி சொன்னேன். என் புறங்கையில் நகம் பதியக் கிள்ளினாள். கண்ணில் நான் அறியாத ஒரு வெறி. எனக்குப் பயமாகிவிட்டது. அலமாரியைத் திறந்து டேப்லட்டை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவள் முகம் தளர்ந்தது. என் முகமும் தளர்ந்திருக்கும்.

மறுநாள் கொடுக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும். கை தேடுவது மெல்ல நின்றது. நான் என் பாதியைச் சொல்வேன், அவள் பாதி சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் சும்மா இருப்பேன், பிறகு அடுத்த மணி. அந்த இடைவெளியில் எத்தனை சத்தம் கேட்கிறது தெரியுமா? பக்கத்து வீட்டுச் செய்தி, மேல் வீட்டுச் சிரிப்பு, கீழே யாருடைய கைப்பேசியிலோ பாட்டு. எல்லா வீட்டிலும் யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள், அந்த வீட்டுக்காரர்கள் குரல் மட்டும் கேட்கவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு பேசாத மனைவியின் எதிரில் உட்கார்ந்திருப்பதைப் போல நீளமான நேரத்தை நான் எந்தத் தேர்வு அறையிலும் கண்டதில்லை. "மரண நேரத்திலும்" என்று அவள் பாதியில் ஒரு சொல் வரும். அந்த இடம் வந்துபோவதை ஒவ்வொரு மணியிலும் உணர்வேன்.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், மூன்றாவது கூறில் என் கவனம் போய்விட்டது. உண்மையைச் சொன்னால், அன்றைக்கு ஒரு கிரிக்கெட் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. என்ன ஆனதோ என்று மனம் அரித்தது. வாய் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்க, என் கை மணியை விட்டுவிட்டுச் சட்டைப் பையைத் தடவியது, கைப்பேசிக்கு. எத்தனை சொன்னேன் என்ற கணக்குத் தப்பிவிட்டது. குத்துமதிப்பாக இன்னொரு தடவை "அருள் நிறைந்த" என்று என் பாதியைத் தொடங்கினேன்.

"பத்தாச்சு," என்றாள்.

தெளிவாக, கொஞ்சம் எரிச்சலோடு, அவளுடைய சொந்தக் குரலில். நான் திரும்பிப் பார்த்தபோது அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னே, லூர்து?" பதில் இல்லை. "இன்னொரு தடவை சொல்லு." இல்லை. அவள் தோளைப் பிடித்து உலுக்கியிருப்பேன், என்னை நானே தடுத்துக்கொண்டேன். ஐரினைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. உள்ளே ஒருத்தி உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். இந்த வாரம் முழுக்க எண்ணினாளா, போன வருடமும் எண்ணினாளா, மெழுகுவர்த்திக் காணொளி ஓடிய அத்தனை மாலைகளிலும் தன் முறைக்காகக் காத்திருந்தாளா? அவள் போய்விட்டாள் என்று நினைத்திருந்தபோதுகூட நான் இவ்வளவு பயப்படவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு மாலையும் மூன்றாவது கூறில் நான் வேண்டுமென்றே தப்புச் செய்கிறேன். கைப்பேசியை ஐரினிடமே கொடுத்துவிட்டேன், இப்போது கணக்கெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. பத்தாவது மணி முடிந்ததும் நிறுத்தாமல் பதினொன்றாவது தடவை தொடங்குகிறேன். மெதுவாக, அவளுக்கு நேரம் கொடுத்து. என் பாதி முடிந்ததும் வாயை மூடிக்கொண்டு அவள் உதட்டையே பார்க்கிறேன். பன்னிரண்டும் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நேற்று பதினாறு வரைக்கும் போனேன். யாரும் நிறுத்தவில்லை.